அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றால், திண்டுக்கல்லின் பழைய குடியிருப்புகளில் அடுத்துக் கேட்பது அரிவாள் சத்தம்தான். ஆர்.எம். காலனி, நேருஜி நகர், கோவிந்தாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பியில் உரசும் கிளைகளை மின்வாரிய ஆட்கள் கழித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பியில் கிளை பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் மாலையில் மின்சாரம் திரும்பும்போது தெருவோர வேம்பு சாலைப் பக்கம் மொட்டையாகவும், வீட்டுப் பக்கம் முழுப் பாரத்தோடும் நிற்கும். அதைப் பார்த்து வீட்டுக்காரருக்குப் பயம் பிடிக்கும். "சாஞ்சா மாடி மேலதான் சார் விழும், எடுத்துருவோம்" என்பார் மரம் வெட்டுகிறவர். எடுத்தும் விடுவார்.

வேம்பு நூறு வயதைத் தாண்டி வாழக்கூடியது. புளி அதற்கும் மேலே. வீடு கட்டியபோது கன்றாக வைத்த மரத்துக்கு இப்போது ஐம்பது வயது என்றால், அது நடுவயதில்தான் இருக்கிறது. நம் காலனி மரங்களில் வயதாகிச் செத்தவை குறைவு. பெரும்பாலானவற்றை நாம்தான் கொன்றோம். அதுவும் மேலே அல்ல, தரையில்.

ஒரு சின்னச் சோதனை. உங்கள் வாசலில் இருக்கும் மரத்தின் அடியைப் பாருங்கள். ஆரோக்கியமான மரம் தரையைத் தொடும் இடத்தில் அகன்று, வேர்கள் நாலா பக்கமும் புடைத்துக் கிளம்பும். அந்த அகலம் தெரியாமல், நட்டு வைத்த மின்கம்பம்போல நேராகத் தரைக்குள் இறங்கினால், மரம் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். சாலை போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தார். சாலை உயர்ந்ததும் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர் முற்றத்தை மண் கொட்டி உயர்த்துவார். அதன் மேல் பேவர் பிளாக். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். வீட்டுக்குள் வெள்ளம் புகுவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. ஒழுங்காக நடந்தால் மரத்துக்கும் நல்லது.

மண் ஏறினால் மரத்துக்கு என்ன? வேர் ஆழத்தில் இருக்கிறது என்று நினைக்கிறோம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலே, ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் ஓடுகிறது. கிளைகள் விரிந்த எல்லையையும் தாண்டிப் போகிறது. திண்டுக்கல் பக்கத்தில் செம்மண்ணுக்குக் கீழே சரளையும் பாறையும் வந்துவிடும் இடங்கள் ஏராளம். ஆழம் போகவும் வழியில்லை. அந்த வேர்களுக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. அந்த மழையையும் சிமென்ட் வழியாகச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, சித்திரையில் மரம் வாடுகிறதே என்கிறோம்.

இத்தோடு பள்ளம். குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை, பாதாளச் சாக்கடைக்கு ஒரு முறை, கேபிளுக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு பக்க வேர் அறுபடும். மரம் உடனே எதையும் காட்டாது. இரண்டு மூன்று வருடம் கழித்து உச்சிக் கிளை காயும். அதற்குள் பள்ளம் எல்லோருக்கும் மறந்து போயிருக்கும். 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் பெரிய மரமொன்று காரின் மேல் சாய்ந்து வங்கி மேலாளர் ஒருவர் இறந்தார். பக்கத்தில் மழைநீர் வடிகால் பணி நடந்துகொண்டிருந்தது. அதுதான் காரணமா, மழையா என்று பெரிய விவாதம் நடந்தது. வேரறுந்த மரத்தைச் சாய்க்கும் காற்று இங்கும் வரும்: 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையோடு நிற்காமல் திண்டுக்கல் வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது. கடலோரம் இல்லை, நமக்கென்ன என்று இருக்க முடியாது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் டெல்லி மரங்களுக்காக ஓர் ஆணை பிறப்பித்தது: அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது. நம் கணக்கில் மூன்றடி. முதிர்ந்த மரத்துக்கு இதுவே குறைவு. ஆனாலும் இந்த மூன்றடியைத் திறந்துவிட்டால் போதும், மரத்துக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். உடைக்கும்போது பிரேக்கர் மிஷினை ஆழமாக இறக்காமல் சில்லுகளைக் கையால் பொறுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பருமனுக்கு மேலான வேரை அறுக்க விடாதீர்கள். திறந்த இடத்தில் மூன்று நான்கு அங்குலம் சருகு போடலாம். அடிமரத்தில் ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விட்டு. கூட்டிய சருகை அதே மரத்தடியில் குவித்துக் கொளுத்தும் வழக்கம் இன்னும் போகவில்லை. வேப்பமரத்தின் ஒரு பக்கப் பட்டை கருகி உரிந்திருந்தால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

கோடையில் தண்ணீர் ஊற்றுபவர்கள் அடிமரத்தில்தான் ஊற்றுகிறார்கள். கிளை நிழல் முடிகிற வட்டத்தில், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மெதுவாக ஊறும்படி விட வேண்டும். ஆர்.ஓ. மிஷின் கழிக்கும் தண்ணீர் வேண்டாம், உப்பு. தினமும் ஒரு வாளி தெளிப்பது நம் மனத் திருப்திக்கு மட்டும்.

சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மரத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்குவதைப் பார்க்கிறோம். நல்ல காரியம். டியூஷன் பலகையும் மூலநோய் விளம்பரமும் மரத்தில் தொங்குவது அசிங்கம். ஆனால் ஒரு சிமென்ட் மேடை செய்யும் கேட்டை இருபது ஆணிகள் செய்யாது என்பதே என் கணிப்பு.

இனி கவாத்துக்கு வருவோம். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க மர நோயியலாளர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து ஒன்றைக் காட்டினார். மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றி மரம் உள்ளேயே சுவர் எழுப்பி, அழுகலை அடைத்து வைத்துவிட்டு மேலே வளர்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாகத் தடித்த ஒரு மடிப்பு தெரியும். அந்தச் சுவரை எழுப்பும் இடம் அதுதான். அந்த மடிப்புக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் மடிப்பு போய்விடும். முழம் நீளக் கட்டையை விட்டால் அது அழுகி உள்ளே இறங்கும். கனமான கிளையென்றால் முதலில் ஓரடி தள்ளி அடியிலிருந்து கால்வாசி அறுத்து, அதற்கு வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியில்தான் மடிப்பருகே வாள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை விழும்போது பட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். வெட்டிய இடத்தில் தாரோ சாணியோ பெயிண்ட்டோ பூசத் தேவையில்லை.

இதில் பெரிய பாவம் தலையை வெட்டுவது. இரண்டே மாதத்தில் குப்பென்று துளிர்க்கும், நமக்கும் சந்தோஷம். அந்தத் துளிர்கள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டி வளர்பவை. ஐந்தாறு வருடத்தில் கனத்து, காற்றடித்தால் கழன்று விழுபவை அவைதான். ஒரு முறைக்குப் பச்சைக் கிளையில் கால்பங்குக்கு மேல் கை வைக்கக் கூடாது. முதிர்ந்த மரத்தில் அதற்கும் குறைவு.

இதையெல்லாம் மரம் வெட்டுகிறவரிடம் சொன்னால் கேட்பாரா? அவருக்குக் கூலி பல நேரம் விறகுதான். "காசு வேண்டாம், கட்டையை எடுத்துக்கிறேன்" என்பவர் காய்ந்த குச்சியை விட்டுவிட்டுப் பருத்த கிளையைத்தான் எடுப்பார். புளிய விறகாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பிழை அவருடையதல்ல, பேரத்துடையது. நாள் கூலி பேசிக் கொடுங்கள், கீழே நின்று கிளையைக் காட்டுங்கள், விறகை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு பாதியாகக் குறைந்துவிடும்.

மார்கழி, தையில் வேப்பமரம் தீய்ந்ததுபோல் நிற்பதைச் சில ஆண்டுகளாகத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரின் சாற்றை உறிஞ்சுவதும், அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறுவதும் காரணம். செத்துவிட்டதென்று கோடாலியைத் தேடாதீர்கள். குச்சியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. வெயில் ஏறியதும் பெரும்பாலும் துளிர்த்துவிடும். மாமரத்தில் புல்லுருவி இருந்தால் அதை ஒட்டிய கிளையோடு வெட்டி எடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

எந்த மரத்தையும் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அடியில் தட்டுத் தட்டாகக் காளான், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் புதிய வெடிப்பு, திடீரென்று கூடிய சாய்வு — இவற்றைக் கண்டால் பாசம் பார்க்காமல் எடுக்கத்தான் வேண்டும். தண்டில் பொந்து இருப்பது மட்டும் காரணம் ஆகாது. பொந்தோடு பல காலம் நிற்கும் மரங்கள் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது? சிறுமலையிலும் கொடைக்கானலிலும் மரம் வெட்ட 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். கீழே சமவெளியில், உங்கள் காம்பவுண்டுக்குள் நிற்கும் வேம்புக்கு அப்படி ஒரு காவல் இல்லை. பனைக்கு மட்டும் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டில் அமைந்த மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியில்லாமல் அரசு நிலத்து மரங்களை வெட்ட முடியாது. வாசலுக்கு வெளியே நிற்கும் மரம் நாம் நட்டதே ஆனாலும் அது தெருவின் மரம். பலர் இதை அறியாமலே வெட்டுகிறார்கள்.

கன்று நடுவதற்கு விழா உண்டு, மேடை உண்டு. வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் இல்லை. 2014-ல் மாநகராட்சியான இந்த ஊர், நிற்கிற பெரிய மரங்களைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து, பள்ளம் தோண்டும் ஒப்பந்ததாரரிடம் வேரை அறுக்காதே என்று எழுதி வாங்க வேண்டும். அது நடக்கிறபோது நடக்கட்டும். உங்கள் வாசல் மரத்தடி சிமென்டை இந்தப் புரட்டாசிக்குள் உடைத்துவிடுங்கள். ஐப்பசி மழை வேருக்குப் போய்ச் சேரும்.