நூறு மைல் வேகமும் அப்பாச்சியின் இருக்கையும்

பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் தெருவிலே சோளகக் காலத்தில் பிரயாணஞ் செய்தவர்களுக்குக் காற்றின் வலிமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இருமருங்கும் கடல், ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. சைக்கிளில் வருபவர் தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, மார்பு ஹாண்டிலிலே முட்டும்படி படிந்துகொண்டு மிதிப்பார். அப்படிப் படிய வேண்டுமென்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காற்றே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

இதே பாடத்தை மேல்நாட்டு இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிளிலே படித்ததன் பயன்தான் 'கபே ரேசர்' என்று பெயர் பெற்ற வாகனம். அண்மையில் சரவணையிலே நமக்கு உறவுமுறையான ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, கிடுகுக் கொட்டிலின் கீழ் அத்தகைய வாகனமொன்று உருவாகிக்கொண்டிருக்கக் கண்டோம். உருவாகிக்கொண்டிருந்தது என்பதைவிட, அதைக் குறித்து ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது என்பதே பொருந்தும். வாதி, பேரன். பிரதிவாதி, எண்பத்தைந்து வயதான அப்பாச்சி.

வழக்கைக் கூறுமுன் பெயரின் வரலாற்றைக் கூறிவிடுகின்றோம். லண்டன் மாநகரின் வடக்குச் சுற்றுத் தெருவிலே 1938ஆம் ஆண்டு 'ஏஸ் கபே' என்றொரு தேநீர்ச்சாலை திறக்கப்பட்டது. யுத்தகாலத்திற் குண்டு வீழ்ந்து அழிந்துபோன அது, 1949இல் மீளக் கட்டப்பட்டது. அடுத்து வந்த பத்தாண்டுகளில், கையிலே சிறிது சம்பளம் காணத் தொடங்கிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள்களில் அங்கே வந்து கூடினர். இசைத்தட்டுப் பெட்டியிலே காசைப் போட்டுப் பாட்டைத் தொடக்கிவிட்டு, அது முடியுமுன் குறித்த சந்திவரை ஓடித் திரும்பிவர வேண்டுமென்று பந்தயம் பிடிப்பார்களாம். இதிலே கதை எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடுவதே அவர்களது ஆசையாக இருந்தது என்பது மெய். அந்த ஆசையிலே தெருவில் உயிரிழந்தவர்கள் உண்டு என்பதும் மெய்.

உண்மையான பந்தய வாகனத்தை வாங்க வசதியற்றவன் என்ன செய்வான்? கையிலிருக்கும் வாகனத்தின் பாரத்தைக் குறைப்பான். கனத்த மட்காட்டுகளும் சாமான் தட்டும் கழற்றப்பட்டன. ஹாண்டில் தாழ்ந்தது, கால் வைக்கும் இடம் பின்னுக்குப் போயிற்று. இருவர் இருந்த ஆசனம் ஒருவருக்கான ஆசனமாகி, அதன் பின்புறம் ஒரு திமில் முளைத்தது. சிலர் ட்ரயம்ப் எஞ்சினை நோட்டன் வாகனத்தின் சட்டத்திலே பூட்டி, இரண்டு பெயர்களையும் சேர்த்து 'ட்ரைட்டன்' என்றனர். இக்கலப்பு வாகனத்தை ஏளனமாக எண்ணுவோர், 1965ஆம் ஆண்டு பார்சலோனாவில் நடந்த இருபத்துநான்கு மணிநேர ஓட்டத்தில் ஒரு ட்ரைட்டனே முதலிடம் பெற்றது என்பதை அறிவார்களாக.

ஏஸ் கபே 1969இல் மூடப்பட்டு, 2001இல் மறுபடியும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இதனினும் சுவையான மறுபிறப்பு நமக்கு அயலிலே, சென்னையில் நிகழ்ந்தது. ரோயல் என்பீல்ட் கம்பனி 1965இல் 'கொன்ரினென்ரல் ஜீ.ரி.' என்ற 250 சீ.சீ. வாகனத்தைத் தொழிற்சாலையிலிருந்தே கபே ரேசராகச் செய்து விற்றது. சில ஆண்டுகளில் இங்கிலாந்திலே அக்கம்பனி மறைந்துபோயிற்று. ஆனால் 1955இல் சென்னையில் தொடங்கிய கிளை பட்டுப்போகாமல் நின்று, 2013இல் அதே பெயரிலே புதிய கபே ரேசர் ஒன்றை உலகச் சந்தைக்கு அனுப்பியது. தாய்மரம் சாய்ந்த பின்னரும் விழுது ஊன்றி நின்ற கதை இது.

இனிச் சரவணைக்கு வருவோம். கொட்டிலில் நின்றது பி.எஸ்.ஏ. கம்பனியின் 'பி-31', 1955ஆம் ஆண்டு வாகனம். பேர்மிங்ஹாம் நகரில் துவக்குச் செய்த கம்பனி அது; அடுக்கி நிறுத்திய மூன்று துவக்குகளே அதன் சின்னம். ஒற்றைச் சிலிண்டர், 348 சீ.சீ.; மணிக்கு எழுபது மைலை அண்மித்த வேகம்; அலுவலுக்குப் போய்வரும் குடும்பஸ்தனுக்கு ஏற்ற அமைதியான வாகனம். ஆயினும் இதற்குப் பெயர்பெற்ற சகோதரம் ஒன்றுண்டு. 1937இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்திலே வால் ஹான்ட்லி என்பவர் பி.எஸ்.ஏ. வாகனத்தில் 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்று ஓடி, அதற்குரிய தங்க நட்சத்திரப் பதக்கத்தைப் பெற்றார். அதனாற் பிறந்த பெயர்தான் 'கோல்ட் ஸ்டார்'. ஏஸ் கபேயின் இளைஞர் கண்ட கனவு வாகனங்களுள் அதுவும் ஒன்று. பி-31க்கு அதன் வேடத்தைப் பூட்டி ஆளை ஏமாற்றி விற்போர் மேல்நாட்டிலும் உண்டு. நமது பேரனுக்கு விற்கும் எண்ணமில்லை. வேடத்தில் மட்டுமே விருப்பம்.

ஆசிரியராயிருந்த பேரனார் வாங்கிய வாகனம் இது. 1990இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது இதுவும் இடம்பெயர்ந்து, நல்லூரில் ஓர் உறவினர் வீட்டுப் பின்வளவை அடைந்தது. பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் மருந்துக்கும் கிடையாதிருந்த அந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் சொல்லுந்தரமன்று. ஆனாலும் நோயாளி வைத்தியசாலைக்குப் போனார். பிள்ளை பரீட்சைக்குப் போனது.

இதிலே பொறிநுட்பம் ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் எரிபொருள் கலந்த காற்றை எவ்வளவுக்கு அமுக்குகின்றோமோ, அவ்வளவுக்கு வலுப் பிறக்கும். மண்ணெண்ணெயோ அந்த அமுக்கத்தைத் தாங்காது. உரிய கணத்துக்கு முன்னரே பற்றிக்கொண்டு உள்ளே 'டக் டக்' என்று இடிக்கும். எனவே இந்தப் பி.எஸ்.ஏ.யின் சிலிண்டருக்கு அடியிலே ஒரு தடித்த தகட்டை வைத்து, அமுக்கத்தைக் குறைத்திருந்தார் அக்காலத்து மெக்கானிக். முப்பது ஆண்டுகளுக்குப் பின் பேரன் எஞ்சினைத் திறந்தபோது, கரிபடிந்த அத்தகடு அப்படியே இருந்தது. லண்டன் இளைஞர் அமுக்கத்தைக் கூட்டினர், நம்மவர் குறைத்தனர். அறிவு ஒன்றே, ஒருவருக்கு வேகம் வேண்டியிருந்தது, மற்றவருக்கு எப்படியாவது போய்ச் சேர வேண்டியிருந்தது.

வழக்கு இருக்கையைப் பற்றியது. திமில் வைத்த ஒற்றை ஆசனம் பொருந்துவதற்காக, வாகனத்துச் சட்டத்தின் பின்வளையத்தை அரிந்தெடுக்கத் துணிந்திருந்தான் பேரன். அரிவாள் பூட்டியும் ஆயிற்று. அப்பாச்சி திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

"மோனை, அந்தச் சீற்றிலை இருந்துதான் உன்ரை கொப்பரைப் பெறுகிறதுக்கு ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் போனனான். அறுபத்திரண்டாம் ஆண்டு. கொப்பப்பா நடக்கிறதிலும் மெதுவாய் ஓட்டினவர். அதை ஏனடா வெட்டுறாய்?"

"அப்பாச்சி, ஒருத்தர் இருக்கிற வண்டிக்கு அது தேவையில்லை."

"அப்ப நாளைக்கு நீ கலியாணம் முடிச்சால் பெண்சாதி நடந்தோ வாறது?"

இக்கேள்விக்கு ஏஸ் கபேயிலும் பதில் கிடையாது என்றே நினைக்கின்றோம்.

தீர்ப்பைக் கூறியவர் வேலணையிலிருந்து உதவிக்கு வந்திருந்த வயோதிப மெக்கானிக். எண்ணெய்க் கையைச் சாரத்திலே துடைத்துக்கொண்டு, மேசைமேற் கிடந்த அந்தத் தகட்டை எடுத்துக் காட்டினார். "தம்பி, இதை வைத்தவன் எஞ்சினிலை ஒரு கீறலும் போடயில்லை. அதாலைதான் நீ இண்டைக்கு இதைக் கழற்றிப்போட்டுப் பழையபடி ஓடப் போறாய். நீயும் அப்பிடிச் செய்" என்றார். அரிவாள் கீழே வைக்கப்பட்டது. சட்டத்தின் எண் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருப்பதையும், சட்டத்திலே கைவைத்தால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் படிகளில் ஏறி இறங்க நேருமென்பதையும் அவர் பிற்பாடுதான் சொன்னார்.

பின்னர் வேலை வேறுவிதமாக நடந்தது. முதலாவதாக அவர் கேட்ட கேள்வி: "ஓடுறது இருக்கட்டும், எப்பிடி நிப்பாட்டப் போறாய்?" ஆகவே பிறேக்குச் சப்பாத்துகளும் கம்பிகளும் முன்னே புதுப்பிக்கப்பட்டன. ஹாண்டிலுக்குப் பதிலாக, பழைய பிடியிலேயே பூட்டக்கூடிய தாழ்வளைவான குழாய் வந்தது. கால்மிதியைப் பின்தள்ள, இருந்த துளைகளிலேயே பொருந்தும் தகடுகள் கடைசற் பட்டறையிற் செய்விக்கப்பட்டன. புதிய திமில் ஆசனமும் பழைய ஆணித் துளைகளிலேயே உட்கார்ந்தது; வடிவிலே சிறிது உயரந்தான், ஆனால் அதற்காக ஒருவரும் அழப்போவதில்லை. பழைய பிரித்தானிய வாகனங்களின் ஆணிகள் மில்லிமீற்றர்க் கணக்குக்கு அமையமாட்டா. கையிற் கிடைத்த ஸ்பனரை மாட்டுபவர் தலையை மழுக்கிவிடுவார். மெக்கானிக் தம்முடைய பழைய 'விற்வேத்' ஸ்பனர்களைத் தகரப்பெட்டியிற் கொண்டு வந்திருந்தார்.

ஒரு விஷயத்தில் மாத்திரம் பேரன் லண்டனைக் கைவிட வேண்டியதாயிற்று. கபே ரேசர் அன்பர்கள் இரும்பையும் அலுமினியத்தையும் நிர்வாணமாக மினுக்கி வைப்பதில் பிரியமுள்ளவர்கள். தீவகத்து உப்புக்காற்றில் அந்த மினுக்கம் ஒரு வாடைக் காலத்துக்கும் நில்லாது. பூச்சு அவசியம்.

வேகத்தைப் பற்றிக் கேட்டோம். சரவணையின் ஒழுங்கைகளில் ஆடும் மாடும் குறுக்கே வரும். நூறு மைல் வேகத்துக்கு அங்கே இடமில்லை, சட்டமும் இடந்தராது. பண்ணைத் தெருவிலே எதிர்க்காற்றுக்குப் படிந்து செல்லலாமென்பதே பேரனின் ஆசை. பக்கக் காற்று அடித்தால் என்ன செய்வான் என்பதை அனுபவம் சொல்லும்.

பழைய இரட்டை இருக்கை இப்போது அறைச் சுவரிலே, பேரனாரின் படத்துக்குக் கீழே தொங்குகின்றது. அதன் நான்கு ஆணிகளும் ஒரு பால்மாப் பேணியிலே அப்பாச்சியின் பொறுப்பில் இருக்கின்றன. வாகனம் இன்னும் ஓடவில்லை. குளிரிலே பற்றிச் சூட்டிலே நின்றுபோகும் பழைய வருத்தம் மக்னீற்றோவுக்கு இருந்ததால், கொண்டென்சரை மாற்றிக் கம்பி சுற்றுவதற்கு அது கொழும்புக்குப் போயிருக்கின்றது.