சிற்றுயிரின் மரணமும் மேய்ப்பரின் பணியும்

மரணப்படுக்கையருகே நின்று ஜெபிக்க ஆயர் அழைக்கப்படுவது புதிதன்று. ஆனால் மரணத்தறுவாயில் இருப்பது வீட்டில் வளர்ந்த ஒரு சிறு விலங்காயின், அவ்வழைப்பை நாம் எவ்வாறு ஏற்பது? இங்கிலாந்தில் சபைப்பணி ஆற்றும் ஆயர்களுக்கு இது வெறும் கற்பனை வினா அன்று. நம் நாட்டிலிருந்து அங்குச் சென்று பணிபுரிவோரும் இதனைச் சந்திக்கக்கூடும். அந்நாட்டில் நாய், பூனை மட்டுமன்றி ஃபெரெட் என்னும் விலங்கையும் இல்லங்களில் வளர்ப்பர். அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

விலங்கும் அதன் நோயும்

நீண்ட மெல்லிய உடலால் ஃபெரெட் நம் கீரியை நினைவூட்டும்; எனினும் அது நீர்நாயின் குடும்பத்தைச் சார்ந்தது. முயல்வளைக்குள் புகுந்து முயலை வெளியே துரத்துவதற்கென்று ஐரோப்பிய மக்கள் பன்னூற்றாண்டுகளாக அதனைப் பழக்கி வந்தனர். இன்று பெரும்பாலும் தோழமைக்காகவே அது வளர்க்கப்படுகிறது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறையில், லேவியராகமம் 11:30 இல், தீட்டான பிராணிகளின் வரிசையில் அதன் பெயர் காணப்படுகிறது. ஆயின் அங்குள்ள எபிரேயச் சொல் பல்லியினம் ஒன்றைக் குறிப்பதாகவே பிற்கால மொழிபெயர்ப்பாளர் பலர் கொள்கின்றனர்.

ஃபெரெட்டின் ஆயுள் ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள். மூன்று வயதைக் கடந்தபின் அதன் கணையத்தில் கட்டி தோன்றுவது மிகுதி. அக்கட்டி இன்சுலினை அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதால் இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. பின்னங்கால்கள் தளரும்; உமிழ்நீர் வடியும்; பார்வை வெறித்து நிற்கும்; நோய் முற்றினால் வலிப்பும் வரும். அவ்வேளையில் வீட்டார் ஈறுகளில் சிறிது தேனைத் தடவி அதனைத் தேற்றுவர். பிரெட்னிசோலோன் என்னும் மருந்து நோயின் அறிகுறிகளைச் சில காலம் அடக்கிவைக்கும்; அறுவைச் சிகிச்சை ஆயுளை நீட்டலாம்; ஆயினும் கட்டி மீண்டும் தோன்றுவதே பெரும்பான்மை. இறுதியில் தேனும் மருந்தும் பயன்தராத ஒரு நாள் வருகிறது. வலியின்றி அதன் உயிரை முடித்துவிடலாம் என்று கால்நடை மருத்துவர் கூறுகிறார். முடிவு செய்யவேண்டியவர் வீட்டாரே. ‘நாங்கள் செய்வது பாவமா?’ என்று அவர்கள் ஆயரைக் கேட்கின்றனர்.

திருமறை காட்டும் வழி

தாவீதிடம் நாத்தான் உரைத்த உவமையை (2 சாமுவேல் 12) நாம் பன்முறை பிரசங்கித்திருக்கிறோம். ஏழையின் ஆட்டுக்குட்டி அவனுடைய உணவில் பங்குபெற்று, அவன் மடியில் கிடந்து, மகளைப்போல் வளர்ந்தது. அந்த அன்பைத் தீர்க்கன் நகைக்கவில்லை. கேட்ட அரசனும் ‘ஓர் ஆடுதானே’ என்னாமல் சினந்தெழுந்தான். பசித்த மக்கள் பலர் இருக்கையில் விலங்குக்காக வருந்துவது செல்வர்தம் பொழுதுபோக்கு அன்றோ என்று நம்மில் சிலர் வினவலாம். உவமையில் அன்பு செலுத்தியவன் செல்வன் அல்லன், ஏழை என்பதை அவர்கள் கருதவேண்டும். நம் சிற்றூர்களிலும், ஒரே கறவைப்பசுவை இழந்த வீட்டில் கேட்கும் அழுகை வருவாய் இழப்புக்காக மட்டும் எழுவதன்று.

நீதிமொழிகள் 12:10 நீதிமான் தன் விலங்கைப் பேணுவதைப் பற்றிப் பேசுகிறது. எபிரேய மூலத்தில் அங்கு வரும் வினைச்சொல் ‘அறிதல்’ என்பதாகும். விலங்கின் உயிர்நிலையை அறிதலே அவனுடைய நீதியின் அடையாளம். ஆதியாகமம் 1:28 மானிடனுக்கு அளிக்கும் ஆளுகையையும் இவ்வாறே கொள்ளல் வேண்டும். ஆளப்படும் உயிரை அறியாதவன் அதனை ஆளத் தகுதியுடையவன் அல்லன்.

எனவே வீட்டாரின் வினாவுக்கு விடையும் அறிதலிலேயே அடங்கியுள்ளது. அது தானாக உண்கிறதா? பழகிய குரல் கேட்டு எழுகிறதா? நல்ல நாட்கள் மிகுதியா, துன்ப நாட்கள் மிகுதியா? தொல்லை கருதி முன்னதாக முடிப்பதும், பிரிவைத் தாங்கமாட்டாமல் வேதனையை நீட்டுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டிலும் நாம் நம்மையே நோக்குகிறோம், விலங்கை நோக்கவில்லை. அதன் துன்பத்தை அறிந்து, அதன்பொருட்டே முடிவு செய்வோரைப் பாவிகளென்று நாம் தீர்த்தல் ஆகாது. அறுவைச் சிகிச்சைக்குப் பொருளில்லாதவரும் தம்மைக் குற்றவாளிகளாகக் கருதவேண்டுவதில்லை.

இம்முடிவை மானிடர்க்கு நீட்டலாகாது என்பதையும் தெளிவாக்க வேண்டும். நோயுற்ற மனிதர் ஜெபிக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம், துன்பத்திலும் நம்பிக்கையோடு காத்திருக்கலாம். விலங்குக்கு இவை இல்லை. அதன் சார்பில் நாமே தீர்மானிக்க வேண்டியிருத்தல் ஆளுகையின் பாரமான பகுதி.

ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, துக்கத்தைத் துக்கமென்று ஏற்றல். சமுதாயம் மதிக்காத துயரம் தனிமையால் மேலும் கனக்கிறது என்பதை அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ‘வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது ஆறுதல் அன்று.

இரண்டாவது, நடக்கப்போவதை ஒளிக்காமல் கூறல். பொதுவாக முதலில் மயக்கமருந்து அளிக்கப்படும்; பின்னர்ச் செலுத்தும் மருந்தால் மூச்சும் இதயமும் நின்றுவிடும். இறந்தபின்னும் கண்கள் மூடாதிருக்கலாம். குழந்தைகளிடம் ‘தூங்கவைக்கிறோம்’ என்னலாகாது. பிள்ளை தன் உறக்கத்துக்கே அஞ்சக்கூடும். ‘அது இறந்துவிடும், இனி அதற்கு வலி இராது’ என்பதே தக்கது.

மூன்றாவது, ‘மீண்டும் காண்போமா?’ என்னும் வினா. படைப்பு முழுவதும் விடுதலைக்காக ஏங்குவதைப் பவுல் ரோமர் 8 இல் காட்டுகிறார். அப்பகுதியை விளக்கி ஜான் வெஸ்லி 1781 இல் எழுதிய பிரசங்கம், விலங்குகளும் அப்புதுப்பித்தலில் பங்குபெறும் என்று கருதுகிறது. இதனைச் சபையினர் யாவரும் ஏற்றிலர். திருமறை கூறாததை வாக்களிக்கவும் வேண்டா. அது திறந்துவைத்த கதவை அடைக்கவும் வேண்டா.

மானிடர்க்குரிய அடக்க ஆராதனையை இதற்குப் பயன்படுத்தல் பொருந்தாது. அவ்வுயிரைத் தந்தமைக்கு நன்றி கூறி, படைத்தவர் கரத்தில் ஒப்புவிக்கும் சுருக்கமான ஜெபம் போதும். ஜெபம் முடிந்தவுடன் நாம் விடைபெற்றுவிடாமல், தேன் தடவிய கைகளுக்குரியவரோடு சற்றுநேரம் அமர்ந்திருப்பதும் மேய்ப்புப்பணியே.