“என்ன கூட்டம்ங்க நீங்க?”

கோவை மாவட்டத்தின் ஒரு சிறு நகரம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வாசலில் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. வாடகை 6,500 ரூபாய், அட்வான்ஸ் 30,000. நம் தோழருக்குப் பக்கத்து மில்லில் சூப்பர்வைசர் வேலை. மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். பெண் குழந்தை ஒன்றாம் வகுப்பு. கட்டுப்படியாகும் வாடகை என்பதால் நாமும் உடன் போனோம்.

வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் பேசினார். தண்ணீர் எப்போது வரும், வண்டி எங்கே நிறுத்தலாம் என்றெல்லாம் சொன்னார். பிறகு மெல்லக் கேட்டார்: “சொந்த ஊரு எதுங்க?” ஊரைச் சொன்னதும், “அங்க எந்த வளவுங்க?” அதற்கும் பதில் சொன்னதும், “என்ன கூட்டம்ங்க நீங்க?”

தோழர் மறைக்கவில்லை. “நாங்க எஸ்.சி.ங்க” என்றார்.

“அப்படிங்களா... பையன் வந்தா கேட்டுட்டுச் சொல்றேனுங்க. நேத்தே ஒருத்தரு அட்வான்ஸ் தர்றேன்னுட்டுப் போயிருக்காரு.”

மாலையில் போன் செய்தபோது, வீடு முடிந்துவிட்டது என்றார். அரைமணி நேரம் கழித்து வேறு சாதியைச் சேர்ந்த நம் நண்பர் ஒருவர் அதே எண்ணுக்குப் பேசினார். “காலியாத்தானுங்க இருக்குது. நாளைக்கு வந்து பாருங்க” என்று பதில் வந்தது.

கேட்காமல் கேட்கும் கேள்வி

கொங்கு நாட்டில் வீடு தேடும் எவருக்கும் இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. யாரும் நேராகச் சாதியைக் கேட்பதில்லை. கூட்டத்தின் பெயரைச் சொன்னாலும் சாதி தெரிந்துவிடும். சொல்லத் தெரியாமல் விழித்தாலும் தெரிந்துவிடும். குலதெய்வக் கோயில் எது என்பார்கள். கறி, மீன் சமைப்பீர்களா என்பார்கள். ஞாயிறுதோறும் கறிக்குழம்பு கொதிக்கும் வீட்டுக்காரரும் இதைக் கேட்பார் என்பதுதான் வேடிக்கை.

பதினோரு வீடு பார்த்த பிறகு, ஊருக்கு வெளியே ஒரு லைன் வீடு தோழருக்குக் கிடைத்தது. ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை, வாடகை 5,500. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ்ஸும் இல்லை, ஆட்டோதான். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், அந்த 6,500 ரூபாய் வீட்டைவிட இதற்கு அதிகம் செலவாகிறது.

மலிவான வீடு எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. பத்து வீட்டில் ஏழு வீட்டின் கதவு சாத்தப்பட்டால், மீதி மூன்று வீட்டுக்காரர் சொல்வதுதான் வாடகை. இதைச் சாதி வாடகை என்றே சொல்லலாம்.

பணம் கொடுக்க வழியில்லாதவர் பொய்யால் அந்த வாடகையைக் கட்டுகிறார். சுவரில் அம்பேத்கர் படம் மாட்டுவதில்லை. சொந்தக்காரர் வந்தால் குரலைத் தாழ்த்துகிறார். பிள்ளையிடம், “யாராவது கேட்டா ஒண்ணும் சொல்லாதே கண்ணு” என்று சொல்லி அனுப்புகிறார். எழுத்து படிக்கும் வயதில் அந்தப் பிள்ளை தன்னை ஒளிக்கக் கற்றுக்கொள்கிறது.

பரோடாவில் அம்பேத்கர்

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா அரசில் பணியாற்றச் சென்ற அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரைக் கேட்டும் இடம் கிடைக்காமல், பொதுப் பூங்காவில் காத்திருந்து பம்பாய்க்கு ரயில் ஏறினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நூறாண்டு கடந்தும் நம் ஊரில் கேள்வியின் தொனி மட்டுமே மாறியிருக்கிறது.

காலனியிலேயே இருந்துகொள்ளலாமே என்பவர்கள் மேட்டுப்பாளையம் நடூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகள்மீது சரிந்து 17 உயிர்களைப் பறித்தது. ஒதுக்கப்பட்ட இடத்தில் வாழ்வதற்கும் விலை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், முன்பணம், வெளியேற்றம் பற்றியெல்லாம் பேசுகிறது. அது வீடு கிடைத்தவருக்கான பாதுகாப்பு. கிடைக்காதவருக்கு உதவுவது அதைவிடப் பழைய சட்டம்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம். 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அச்செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும். பொதுவில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

சட்டம் இருந்தும் வழக்கு ஏன் வருவதில்லை? “வீடு முடிஞ்சுதுங்க” என்ற சொல்லுக்குச் சாட்சி இல்லை. அதனால்தான் நம் நண்பரின் அந்த இரண்டாவது அழைப்பு முக்கியமாகிறது. பேராசிரியர் சுகதேவ் தோரட் குழுவினர் இம்முறையில்தான் தில்லி வட்டாரத்தில் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரில் அழைத்தவர்களுக்குக் கிடைத்த சம்மதம் தலித், முஸ்லிம் பெயர்களில் அழைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது, வீட்டு வசதியையும் அதில் சேர்த்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு மறுக்கப்பட்டால் தேதி, நேரம், சொன்ன சொற்கள் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். விளம்பர அட்டையைப் படம் எடுங்கள். வேறு சாதி நண்பரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். அவர் சாட்சி சொல்லவும் முன்வர வேண்டும். வன்கொடுமை உதவி எண் 14566. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. கூட்டத்தைக் கேட்காதீர்கள்.

அந்த வாசலில் அட்டை இன்னும் தொங்குகிறது. ஒரு மாத வாடகையை இழந்துகூட, சாதியைக் குடிவைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.