டாக்டர்/மாஸ்டர்: எதிரிகளைச் சேர்த்து வைக்கும் ரசிகர் கதைகள்

எட்டயபுரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருவர், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஒரு வேர்ட் பைலுக்கு "டாக்டர்/மாஸ்டர்" எனப் பெயர் கொடுத்து சேவ் செய்திட முயன்றார். விண்டோஸ் மறுத்துவிட்டது. வைரஸ் வந்துவிட்டதோ என்ற பயத்தில் அவருடைய அம்மா என்னை அழைத்தார்.

வைரஸ் எதுவும் இல்லை. \ / : * ? " < > | ஆகிய ஒன்பது குறியீடுகளை விண்டோஸ் பைல் பெயரில் ஏற்காது. சாய்கோடுகள் போல்டர்களின் பாதையைக் காட்டப் பயன்படுபவை. சாய்கோட்டை நீக்கி சிறு கோடு ஒன்று போட்டவுடன் பைல் சேவ் ஆனது. ஆனால் அம்மா விடவில்லை. "டாக்டரும் வாத்தியாரும் யாரு தம்பி?"

"டாக்டர் ஹூ" என்பது 1963ல் பி.பி.சி. தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர். காலத்தில் பயணம் செய்யும் டாக்டருக்கு, அவருடைய இனத்தைச் சேர்ந்த மாஸ்டர்தான் பரம எதிரி. 1971ல் அறிமுகமான பாத்திரம் இது. இருவரும் ஒரு காலத்தில் நண்பர்கள். 2007ல் வந்த ஒரு பகுதியில் மாஸ்டர் இறக்கும்போது, அவரை மடியில் ஏந்தி டாக்டர் அழுகிறார். எதிரிக்காக ஏன் அழ வேண்டும்? தொடர் பாதியில் விட்ட இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் தாங்களே பதில் எழுதுகின்றனர். இதனைத்தான் "ஃபேன் ஃபிக்‌ஷன்" என அழைக்கின்றனர். நமக்கும் இது புதிதல்ல. கல்கியின் பொன்னியின் செல்வனைத் தொடர்ந்து விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி" எழுதவில்லையா?

சாய்கோட்டுக்கு இங்கு தனிப் பொருள் உண்டு. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் 1970களில் "கிர்க்/ஸ்பாக்" என்று எழுதிய பழக்கம் இது. இரு பெயர்களுக்கு இடையே / இருந்தால் காதல் கதை; & இருந்தால் நட்புக் கதை.

இத்தகைய கதைகளை இலவசமாகப் படிக்க "ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்" என்ற தளம் உள்ளது. இது 2019ல் ஹ்யூகோ விருது பெற்றது. பெரும்பாலான கதைகளைப் படிப்பதற்கு அக்கவுண்ட் தேவையில்லை. பிள்ளைகள் படிப்பதாக இருந்தால் பெற்றோர் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கதைக்கும் ரேட்டிங் தரப்பட்டிருக்கும். "மெச்சூர்", "எக்ஸ்ப்ளிசிட்" என்றிருப்பவை பெரியவர்களுக்கு மட்டும். "நாட் ரேட்டட்" என்பதில் எதுவும் இருக்கலாம். எனவே அதையும் தவிர்த்திடுங்கள். கதைப் பட்டியலின் வலது பக்கம் உள்ள பில்டரில் "ஜெனரல் ஆடியன்சஸ்" தேர்ந்தெடுத்தால் அந்த ரேட்டிங் உள்ள கதைகள் மட்டும் கிடைக்கும். பிடித்த கதையை டவுன்லோட் பட்டனில் கிளிக் செய்து, பி.டி.எப். பைலாக வைத்துக் கொள்ளலாம்.

எழுதுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பாத்திரங்களின் காப்புரிமை தொடரின் உரிமையாளரிடம்தான் உள்ளது. எனவே கதையை விலைக்கு விற்க முயல வேண்டாம்.

எல்லாம் கேட்ட பிறகும் அம்மாவுக்குத் திருப்தியில்லை. "எதிரி ரெண்டு பேர இவ எதுக்கு சேத்து வைக்கா?" என்றார். மகள் பட்டென்று, "வெளியூர்ல ஊர் பேரச் சொன்னாலே எட்டப்பன் ஊரான்னு கேக்காங்கல்லாம்மா? அவரு பக்கத்துக் கதைய யாரு கேட்டா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்தக் கேள்விக்குப் பலமுறை அசடு வழிந்தவன்தான்.

இப்போது அவர் எழுதுவது 1799க்கு முந்தைய கதை. பைலின் பெயர் "கட்டபொம்மன் & எட்டப்பன்". & குறியீட்டை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.