எழுத்தால் வரைந்த ஓவியம்

நுழையும்முன்

கண்ணால் கண்ட பொருளை அவ்வாறே காட்டுவதுதான் ஓவியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. எப்பொருளையும் சுட்டாமலேயே கோடும் வண்ணமும் நம்மோடு பேச வல்லன. இயற்கைக் காட்சிகளை வரைந்து பழகிய மாணவர் ஒருவர், படிப்படியாக அருவ ஓவியத்தை வந்தடைந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

அருவம் என்பது யாது?

ஓர் ஓவியத்தின் முன் நின்றதும் ‘இஃது என்ன?’ என்று வினவுகிறோம். மரம், மாடு, மனிதர் என ஏதேனும் ஒன்று விடையாகக் கிடைத்தால் மனம் அமைதி கொள்கிறது. விடை கிடைக்காதபோது ‘புரியவில்லை’ என்று விலகிச் செல்கிறோம். ஆனால், வாசலில் இடப்படும் சிக்குக் கோலத்தைக் கண்டு எவரும் அவ்வாறு வினவுவதில்லை. புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கோட்டின் ஒழுங்கே அங்கு அழகாகிறது. இவ்வாறு, பொருளின் தோற்றத்தைச் சாராமல் கோடு, வண்ணம், வடிவம், இடைவெளி ஆகியவற்றின் உறவினாலேயே அமையும் ஓவியத்தை அருவ ஓவியம் என்பர். உருவத்தை வரைய இயலாமையால் அருவம் பிறப்பதில்லை. உருவத்தை நன்கு கற்றபின், அதில் இன்றியமையாதது எது எனத் தேடுவதால் பிறக்கிறது. இதற்குச் சான்றாகத் திகழ்பவர் கே.சி.எஸ். பணிக்கர்.

மாணவப் பருவம்

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையிலேயே கேரளச் சிற்றூர்களின் பசுமையையும் நீர்நிலைகளையும் வண்ணங்களில் தீட்டியவர். குடும்பச் சூழலால் தந்தித் துறையில் பணியாற்றிய அவர், தமது 25ஆம் வயதில், 1936இல், சென்னைக் கலைத் தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அப்பள்ளியின் முதல்வராக விளங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. உடலமைப்பையும் ஒளி நிழலையும் கூர்ந்து நோக்கும் பயிற்சி அங்குப் பணிக்கருக்குக் கிடைத்தது. நீர்வண்ணக் காட்சி ஓவியராக அவர் பெயர் பெற்றார். படிப்பு முடிந்தபின் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1957இல் முதல்வராகவும் உயர்ந்தார்.

தன்மொழி தேடல்

நற்பெயர் ஈட்டிய ஒரு முறையைத் தொடர்ந்து பின்பற்றுவது எளிது. பணிக்கர் அதனைச் செய்யவில்லை. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி, புதுமை நாடிய இளைஞரை ஒருங்கிணைத்தார். 1954இல் இலண்டனில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அப்பயணத்தின்போது மேலை நாட்டு நவீன ஓவியங்களை நேரில் காணும் வாய்ப்பும் கிட்டியது. வான்கோவின் வண்ண வேகம் அவரை முன்னரே ஈர்த்திருந்தது.

எனினும், ஒரு வினா அவரை விடாது தொடர்ந்தது. மேலை நாட்டார் கண்டறிந்த வடிவங்களை நாமும் வரைந்தால் அது நம் கலையாகுமா? பழைய புராணக் காட்சிகளையே மீண்டும் வரைந்தால் அது நம் காலத்தின் கலையாகுமா? இவ்விரு வழிகளுக்கும் அப்பால் மூன்றாம் வழி ஒன்றை அவர் தேடினார். 1950களின் பிற்பகுதியில் வரைந்த தோட்டக் காட்சிகளில் ஆழமும் நிழலும் குறைந்தன. மனித உருவங்கள் தட்டையாகிக் கோடுகளாக மாறத் தொடங்கின.

குறிப்பேடு காட்டிய வழி

1963ஆம் ஆண்டில் அத்தேடலுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விடை கிடைத்தது. கணிதம் பயிலும் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டுப் பக்கத்தைப் பணிக்கர் காண நேர்ந்தது. எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் அப்பக்கத்தில் நிறைந்திருந்தன. மாணவருக்கு அது கணக்கு. ஓவியர் கண்ணுக்கோ அது கோடுகளின் அணிவகுப்பு. பொருள் அறியாமல் நோக்கும்போது எழுத்தும் ஒரு வடிவமே என்னும் உண்மை அங்கு வெளிப்பட்டது.

அதன் விளைவாக உருவானதே ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை. அவ்வோவியங்களில் வரிவரியாக எழுத்துகள் ஓடுகின்றன. பன்னிரு கட்டங்கள் சூழ, நடுவிடம் வெறுமையாக நிற்கும் சாதகக் கட்டத்தின் சாயலைக் காண்கிறோம். கணிதக் குறிகளுக்கிடையே மீன், பறவை, பாம்பு போன்ற சிற்றுருவங்கள் தோன்றுகின்றன. பெரும்பாலான எழுத்துகள் மலையாள எழுத்தின் தோற்றம் உடையவை. ஆயினும், மலையாளம் அறிந்தவராலும் அவற்றைப் படித்துப் பொருள் கொள்ள இயலாது. படிக்க இயலாமையே இங்கு உத்தியாகிறது. பொருள் விளங்கிய எழுத்தைக் கண் விரைந்து கடந்துவிடும். பொருள் விலகிய எழுத்தின் வளைவிலும் அழுத்தத்திலும் இடைவெளியிலும் கண் தங்கி நிற்கும். ஏட்டுச்சுவடி, சாதகம், மந்திரத் தகடு ஆகியவற்றில் நம் முன்னோர் எழுத்தையும் வரைவையும் ஒருங்கே கையாண்டனர். பணிக்கர் தேடிய மூன்றாம் வழி அங்கேயே இருந்தது.

சோழமண்டலம்

புதிய கலைக்கு வாங்குவோர் மிகக் குறைவு. கலையைக் கற்ற மாணவர், பிழைப்பின் பொருட்டு அதனைக் கைவிடும் நிலை ஏற்பட்டது. இதனை மாற்ற எண்ணிய பணிக்கர், 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில், மாணவரோடும் பிற கலைஞரோடும் இணைந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஈட்டிய பணத்தால் அவர்கள் நிலம் வாங்கினர். கைத்தொழில் வயிற்றைக் காத்தது. அதனால் ஓவியம் தன் விருப்பப்படி வளர்ந்தது.

பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் அக்கல்லூரியில் பயின்றவர்களுள் ஒருவர் கே.எம். ஆதிமூலம். காந்தியடிகளைக் கோட்டோவியங்களாக வரைந்து புகழ்பெற்ற அவரும், பிற்காலத்தில் வண்ணப் பரப்புகளாலான அருவ ஓவியங்களை நோக்கி நகர்ந்தார். ஆனால், அவர் ஆசிரியரின் எழுத்து வடிவங்களைப் படியெடுக்கவில்லை. தன் வழியைத் தானே காண வேண்டும் என்பதே அவ்வாசிரியரிடம் கற்கத்தக்க பாடமாகும்.

நிறைவாக

1977இல் பணிக்கர் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் அமைந்த ஓவியக்கூடத்தில் அவருடைய படைப்புகளை இன்றும் காணலாம். இயற்கைக் காட்சியிலிருந்து மனித உருவத்திற்கும், உருவத்திலிருந்து குறியீட்டிற்கும் அவர் சென்ற பாதை நெடியது. முதற்படியில் பெற்ற கூர்நோக்கே இறுதிப்படியில் எழுத்தைக் கோடாகக் காண அவருக்குத் துணைநின்றது. அருவ ஓவியத்தின் முன் நிற்கும்போது, ‘இஃது என்ன?’ என்னும் வினாவைச் சற்றே ஒத்திவைப்போம். கோடு எங்குத் தொடங்குகிறது, எங்கு நிற்கிறது, எந்த வண்ணம் எதனை அடக்குகிறது என நோக்குவோம். கோலத்தைக் காணப் பழகிய கண்களுக்கு இஃது அரிய செயலன்று.