மாடு பார்க்கப் போலாமா பாஸ்?

அரியர் விஷயம் வீட்டுக்குத் தெரிஞ்ச அன்னிக்கு, 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு!'ன்னு அர்ச்சனை வாங்காதவங்க நம்மில் யாராவது உண்டா? கையைத் தூக்காதீங்க, நம்ப மாட்டோம்!

ஆனா ஒரு சேதி தெரியுமா பாஸ்... இங்கிலாந்தில், காப்புநிலத்தில் மேயுற மாடுகளைப் பார்த்துட்டு வர்றதுக்குன்னே பேர் கொடுத்து, ட்ரெய்னிங் எடுத்துக்கிட்டு, முறை போட்டுப் போறாங்க. சம்பளம்? சல்லிக்காசு கிடையாது. எல்லாரும் தன்னார்வலர்கள்!

மாட்டுக்கு அங்கே என்ன வேலை?

'ஹீத்லேண்ட்'னு ஒரு வகை நிலம். மணற்பாங்கான, சத்தில்லாத மண். அதில் ஹெதர் மாதிரி குட்டைப் புதர்கள் படர்ந்து கிடக்கும். ஜனங்க விறகு வெட்டியும் ஆடு மாடு மேய்ச்சும் காலங்காலமா திறந்த வெளியாவே வச்சிருந்த இடம். மேய்ச்சல் நின்னுபோனா பிர்ச், பைன் கன்றுகள் முளைச்சு அந்த வெளியையே மூடிடும். அங்கேயே வாழுற பல்லிகளுக்கும், தரையில் முட்டையிடுற பறவைகளுக்கும் போக்கிடம் இருக்காது. அதனால இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளே மாட்டை உள்ளே விடுறாங்க. டார்செட் பகுதியில் 2020-ல் 3,300 ஹெக்டேருக்கு மேல் ஒன்றாக இணைச்சு அறிவிக்கப்பட்ட 'பர்பெக் ஹீத்ஸ்' காப்புநிலத்திலும் மாடு, குட்டைக் குதிரை, பன்றி எல்லாம் மேயுது.

இவ்வளவு பெரிய வெளியில் எந்த மாடு எங்கே நிக்குதுன்னு மாட்டுக்காரர் ஒருத்தரே தினமும் தேட முடியுமா? அங்கேதான் தன்னார்வலர்கள் வர்றாங்க. தென்கிழக்கு இங்கிலாந்தில் இவங்களுக்கு 'லுக்கர்'னு பேர். கால்நடையைப் பார்த்துக்கிறவருக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய பேர் அது.

வேலை ரொம்ப சிம்பிள். தலைக் கணக்கு சரியா? எதுவும் நொண்டுதா? கண்ணில் நீர் வடியுதா? அசை போடுதா? மந்தையை விட்டுத் தனியா ஒதுங்கி நிக்குதா? சாணம் தண்ணியாப் போகுதா? தொட்டியில் தண்ணி இருக்கா? வேலி அறுந்திருக்கா? கிட்டே போய்த் தொடக் கூடாது, விரட்டக் கூடாது. சந்தேகம் வந்தா மாட்டுக்காரருக்கு ஒரு போன். அவ்வளவுதான்!

'இதுக்கு எதுக்கு ஆளு? ஒரு சென்ஸார் மாட்டிட்டா போச்சு'ங்குது உள்ளே இருக்கிற இன்ஜினீயரிங் மூளை. அதுவும் வந்தாச்சு. நார்வே நாட்டு 'நோஃபென்ஸ்' கழுத்துப்பட்டை, ஜி.பி.எஸ். வைத்து மாடு நிக்கிற இடத்தைச் சொல்லும். எல்லையை நெருங்கினா முதலில் சத்தம், அதையும் தாண்டினா லேசான ஷாக். ஆனா கண்ணில் நீர் வடியறதைப் பார்க்க இன்னமும் ஆள்தான் போகணும்.

நம்ம ஊர் கதை

இங்கே அங்கே மாதிரி இல்லை. நம்ம பக்கம் மாடு காட்டுக்குள் போகலாமா கூடாதாங்கிறதே கோர்ட் வரைக்கும் போன வழக்கு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. அதே மாதம் அந்தத் தடையை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்தோடு நிறுத்திக்கொண்டது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ப்பதுதான் வழக்கம். 2024 ஜனவரியில் அந்த வட்டாரக் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆனதும், 'எங்க மாடு எங்கே போகும்?'னு மலைவாசிகள் போராட்டத்தில் இறங்கினாங்க.

இது எங்கேயோ நடக்கிற கதைன்னு நினைக்காதீங்க. அனந்தபுரத்தில் பஸ் ஏறுற நமக்கு, நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கு கழுவேலி. மரக்காணம், வானூர் பக்கம் 5,151 ஹெக்டேர். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சர் தலம். சரணாலயம்னா மேய்ச்சல் கேள்வி இங்கேயும் வரும்தானே?

மாட்டுக்காகப் பேசுறவங்களுக்கும் நியாயம் இருக்கு, தடை கேட்கிறவங்களுக்கும் இருக்கு. அளவுக்கு மீறி மேய்ந்தா கன்று தழைக்காது, தரையில் இருக்கிற கூடு மிதிபடும், கோமாரி மாதிரி நோய் காட்டு விலங்குக்கும் தொற்றலாம். அதுக்காக ஒரேயடியா மூடிட்டா? ராஜஸ்தான் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1982-ல் மேய்ச்சலைத் தடை செய்தாங்க. கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அதன் பிறகு நீர்ப்புல் மண்டி, பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பே சுருங்கியது. எருமைகள்தான் அந்தப் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தனன்னு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு சொன்னது. ஆக, கேள்வி 'மாடா, காடா?' இல்லை. எந்த நிலத்தில், எத்தனை மாடு, எந்த மாசத்தில்?

அதுக்குப் பதில் சொல்லக் கணக்கு வேணும். கணக்கு வேணும்னா யாராவது போய்ப் பார்க்கணும்.

நாம என்ன செய்யலாம்?

வனத்துறையின் பறவைக் கணக்கெடுப்பில் கல்லூரி மாணவர்கள் ஏற்கெனவே கலந்துக்கிறாங்க. அதே பழக்கத்தை மாட்டுக்கும் கொண்டு வரலாம். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீங்க. முதலில் உங்க ஊர் மேய்க்கால் புறம்போக்கு, ஏரிக்கரையில ஆரம்பிங்க. நாலு பேர், ஒரு நோட்டு, வாரம் ஒரு நாள். எத்தனை மாடு, எத்தனை ஆடு, எந்தப் புல் தீர்ந்துபோச்சு, எங்கே பிளாஸ்டிக் குவிஞ்சு கிடக்கு... எழுதுங்க. நோய்ப்பட்ட மாட்டைப் பார்த்தா மாட்டுக்காரர்கிட்டே சொல்லுங்க. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

முக்கியமா, மேய்க்கிற பெரியவர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. எந்தப் புல் எந்த மாசம் முளைக்கும், எந்த மாடு எதைத் தொடாதுன்னு சொல்ல அவருக்கு நோட்டே தேவையில்லை. அவர் சொல்றதையும் எழுதி வைங்க. நாளைக்கு யாராவது 'ஆதாரம் எங்கே?'ன்னு கேட்டா, அவருக்குப் பக்கத்தில் நின்னு நீட்ட உங்க நோட்டு வேணும்.