கேட்க ஒன்று, காக்க ஒன்று

பஸ்ஸில் போகும்போது இயர்போனில் பாட்டுக் கேட்க, இழப்பின்றிச் சுருக்கிய ஃப்ளாக் கோப்பு அவசியமா? அவசியமில்லை. நல்ல தரத்தில் சுருக்கிய எம்பி3 தாராளமாகப் போதும். ஆனால் வீட்டு அலமாரியில் பழைய கச்சேரி கேசட் இருந்து, அதைக் கணினியில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் என் பதில் நேர்மாறானது.

சிடியில் ஒரு நொடி இசைக்கு, ஒலியலையை அளந்தெடுத்த 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். மொத்தம் நொடிக்கு 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 53 எம்பி பிடிக்கும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். எப்படி? பலத்த ஓசை ஒன்று எழும்போது அதையொட்டிய மெல்லிய ஓசைகள் நம் காதில் விழுவதில்லை. அப்படி விழாதவற்றைக் கணக்குப் போட்டுக் கழிக்கிறது எம்பி3. ஜெர்மனியில் இந்தக் கணக்கைச் செதுக்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சோதித்தார். வாத்தியம் ஏதுமில்லாத தனிக்குரல் என்பதால் சின்னப் பிசகும் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது.

2001இல் வந்த ஃப்ளாக் எதையும் கழிப்பதில்லை. அடுத்த மாதிரி என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதி வைக்கிறது. கோப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். திறந்தால் ஒரு பிட் பிசகாமல் மூலம் திரும்பக் கிடைக்கும்.

128 கிலோபிட்டில் குறை தெரியும் இடம் தாளம். கஞ்சிராவிலோ கடத்திலோ சுரீரென்று விழும் அடிக்குச் சற்று முன்பே ஒரு கலங்கல் கேட்கும். 256, 320 கிலோபிட்டுக்குப் போனால், எது எதுவென்று தெரியாமல் கேட்கும் சோதனையில் பெரும்பாலோர் வித்தியாசம் கண்டுபிடிப்பதில்லை. நம்பாதவர்கள் ஃபூபார்2000 மென்பொருளின் ஏபிஎக்ஸ் சோதனையைச் செய்து பார்க்கலாம். போதாக்குறைக்கு, பெரும்பாலான ப்ளூடூத் இயர்போன்களுக்கு இசை போகும் வழியில் மறுபடி சுருக்கப்படுகிறது. அங்கே ஃப்ளாக்கால் டேட்டாதான் கரையும்.

காப்பது வேறு விஷயம். எம்பி3 கழித்தது கழித்ததுதான். அதை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பருக்கும், போனது வராது. இன்னொரு முறை சுருக்கினால் இழப்பின் மேல் இழப்பு. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கேசட்டின் இரைச்சலை நீக்கவோ, மங்கிய வயலினைத் தூக்கவோ முயன்றால், அதுவரை பலத்த ஓசைக்குப் பின்னால் மறைந்திருந்த சுருக்கப் பிசிறுகள் வெளியே வந்துவிடும். எம்பி3யின் கணக்கு, பாட்டை இருக்கிறபடியே கேட்பார்கள் என்று நம்பிப் போட்ட கணக்கு.

ஊர்க் கோயில் நாகசுரக் கச்சேரி, பாட்டியின் தாலாட்டு என எத்தனையோ ஒலிகள் அந்த ஒரே ஒரு நாடாவில் மட்டும் இருக்கின்றன. நாடாவோ ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. பதியும்போதே ஃப்ளாக்கில் பதியுங்கள். கேட்பதற்கு அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரக் கேசட், சிடி தரத்தில் துளியும் சுருக்காமலே 635 எம்பிதான். 64 ஜிபி பென்டிரைவில் அப்படி ஏறக்குறைய நூறு கேசட் கொள்ளும். பிரதி மட்டும் இரண்டு இடங்களில் இருக்கட்டும்.